கயிற்றின் முன்னால் நாலு சைக்கிள்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து அமாவாசையன்று, காஞ்சிபுரத்திலிருந்து கூரம் கிராமத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் நடந்தது இது. போனவர்கள் நாலு பேர். நாலு பேரும் பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், போனதோ சைக்கிளில். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டே படியுங்கள். எங்கள் தெருவே சிரித்து முடித்த பிறகுதான் நாங்கள் கிளம்பினோம், அதனால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அந்த நாலு பேர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் போட்டால் நாளைக்கே என் வாசலுக்கு வந்து சண்டைக்கு நிற்பார்கள், அதனால் பெயர் வேண்டாம். ஒருத்தி தையல்காரி, தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். இன்னொருத்தி வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் கோபத்தில் இரண்டும் பேசுகிறவள், அவளைத் தெலுங்குக்காரி என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது கோடி வீட்டுக்காரி. தெருவின் கடைசி வீடு, பேச்சிலும் கடைசி, அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. நாலாவது நான். எனக்குத் தெருவில் வாயாடி என்று பெயர், அதை நான் மறுத்ததே இல்லை.

எங்களுடையது தறிக்காரத் தெரு. ஆண்கள் பட்டு நெய்கிறார்கள், பெண்கள் நாங்கள் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுவோம், பாவு பிணைப்போம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். பிணைப்பது என்றால், தறியில் தீரப்போகிற பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி ஒட்டுவது. ஆயிரக்கணக்கில் இழைகள். குனிந்த தலை நிமிராமல் உட்கார வேண்டும். என் விரல் அதற்கு லாயக்கில்லை என்று மற்ற மூன்று பேரும் என்றைக்கோ தீர்மானித்துவிட்டார்கள். புத்தகம் ஏதாவது படித்துக் காட்டு, வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அப்படிப் படித்துக் காட்டிய ஒரு புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து பாதியில் போட்டுவிட்ட சிறுவர் சாகசக் கதை அது. ரொம்பப் பழைய வெளிநாட்டுக் கதை, யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள். நாலு பிள்ளைகள் பள்ளிக்கூட விடுமுறைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். மரத்தடியில் கூடாரம் போடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் எதையாவது தின்கிறார்கள். நடுவில் ஒரு திருட்டுக் கும்பலையும் பிடித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் தின்ற தட்டை ஒரு பெண் பிள்ளை மட்டும் ஓடையில் உட்கார்ந்து கழுவுகிற இடம் வந்தபோது தையல்காரிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த இழை அறுந்தது. கூடாரத்துக்குள் பாம்பு வராதா என்று தெலுங்குக்காரி நாலைந்து தடவை கேட்டாள். கோடி வீட்டுக்காரி மட்டும் இழையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கதை முடிந்து நான் புத்தகத்தை மூடியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்க போற, எப்போ வருவேன்னு அந்தப் பசங்கள ஒருத்தருமே கேக்கலியே, அக்கா?"

அவள் எதை நினைத்து அப்படிக் கேட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே ஏனாத்தூர் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில், சமையல்கட்டில் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்பு, அங்கே சமைக்கிற உறவுக்காரப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது மாற்றாளாக ஒரு வாரம் போய்ச் சமைத்திருக்கிறாள். அவள் வைத்த புளிக்குழம்புக்கு விடுதிப் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை வரிசையில் வந்து நின்றார்களாம். அதை எங்களிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்பதைத் தவிர அவள் சமையலைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொன்னதில்லை.

சிக்கல் என்னவென்றால், காலையில் முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே அடுப்பு எரிய வேண்டும். போவதற்கு வழி சைக்கிள்தான். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச சைக்கிள் வீட்டுப் பின்னால் சும்மா கிடந்தது. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் இவளும் புருஷனும்தான். இவளுக்கோ சைக்கிள் விடத் தெரியாது.

அவள் புருஷன் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனால் ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லாமல், கேலி பண்ணியே அதைச் சாகடித்துவிடுவார். அந்த வகை ஆள்களிடம் சண்டை போடவும் முடியாது, என்ன கோபம், சும்மா தமாஷுக்குத்தானே சொன்னேன் என்று நழுவிவிடுவார்கள். தெருவுக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளியில் சின்ன வயதிலேயே சைக்கிள் பழகிய நாங்கள் மூன்று பேரும் அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்த நாட்களில், முட்டி பெயர்ந்து வருகிற ஒவ்வொரு சாயங்காலமும் சர்க்கஸ் முடிந்ததா என்று கேட்பார். அவள் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வருவாள். கடைசியில் ஓட்டக் கற்றுக்கொண்டே விட்டாள்.

அப்புறம்தான் அவர் நிபந்தனை போட்டார். தெருக் குழாயடியில், தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி.

"கூரம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு, விளக்கு வெக்கிறதுக்குள்ள சொந்தமா ஊடு வந்து சேரு. ஆட்டோ கீட்டோ ஏறக்கூடாது. வந்துட்டீன்னா திங்கக்கெழம நானே கூட்டிக்கினு போயி உன்ன வேலைக்கி சேத்து உடறேன். வர்லன்னா அந்தப் பேச்ச உட்று."

குழாயடியே சிரித்தது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சரி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, எப்போது போகலாம் என்று கேட்டாள். அவளைத் தனியாக அனுப்ப எங்களுக்கு மனசில்லை. கதையில் மட்டும் நாலு பேர் போகலாமா, நாங்களும் போகிறோம் என்று மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

அமாவாசையன்று போவோம் என்றது நான்தான். எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. தறிக்கு விடுமுறை, நெய்கிறவருக்கும் விடுமுறை. அடுப்புக்கு மட்டும் அன்றைக்குத்தான் இரட்டை வேலை. வீடு கழுவி, தலை முழுகி, தறிக்குச் சாம்பிராணி காட்டி, வாழைக்காயும் வடையுமாகச் சமைத்து, முன்னோருக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு நாம் சாப்பிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அது யாருக்கு விடுமுறை என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்த பிறகு பொறுக்க முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"படையலு உங்க அப்பாவுக்கும் தாத்தாவுக்கும்தானே? ஒரு அமாவாசைக்கு நீங்களே வெச்சா அவங்க வேணான்னா சொல்லப்போறாங்க?"

அவர் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, வடைக்குப் பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டார். நான் பாதி ஜெயித்துவிட்டேன்.

புடவை சக்கரத்தில் சிக்கும் என்று தையல்காரி எங்கள் நாலு பேருக்கும் சுடிதார் தைத்திருந்தாள். ஒரே துணியில் தைத்தால் வெட்டுச் சேதம் குறையும் என்று ஒரே துணியில் தைத்துவிட்டாள். நாலு பேரும் ஒரே பச்சை நிறத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியபோது பால்காரர் வண்டியை நிறுத்தி, எந்த ஸ்கூல்மா என்று கேட்டார். கோடி வீட்டுப் புருஷன் கதவில் சாய்ந்துகொண்டு கையை ஆட்டினார். தெலுங்குக்காரி "பதா, பதா" என்று எங்களை விரட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

போன பாதையைப் பற்றி என்ன சொல்ல. கோபுரம் பின்னால் போனது, கடைகள் போயின, அப்புறம் இரண்டு பக்கமும் நெல். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே கல்யாணமாகி, பஸ் ஜன்னலில் பார்த்த வயலை முதல் தடவையாக என் காலால் மிதித்துக் கடந்தேன். காற்று காதுக்குள் புகுந்து ஊதியது. நான் கத்திப் பாடினேன், எனக்குப் பாட வராது. பெங்களூர் போகிற பெரிய ரோட்டைக் கடக்கும்போது மட்டும் உயிர் போய் உயிர் வந்தது. லாரி ஒவ்வொன்றும் நம்மையே குறி வைத்து வருகிற மாதிரி இருந்தது. கோடி வீட்டுக்காரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடுவில் ஏதோ மந்திரம் சொன்னாள்.

கூரத்தில் பல்லவர் காலத்துக் கோயிலைப் பார்த்தோம். பெரிய கூட்டம் இல்லை, நாங்களும் காகங்களும்தான். மரத்தடியில் உட்கார்ந்து கோடி வீட்டுக்காரி கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்றோம். அமாவாசையன்று படையல் போடாமல், காக்கைக்கு வைக்காமல், முதல் கவளத்தை நான் என் வாயில் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டு முடித்து, அவரவர் டப்பாவை அவரவர் கழுவினோம், அதில் தையல்காரி கண்டிப்பாக இருந்தாள்.

திரும்பும்போதுதான் வினை. தையல்காரியின் பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பஞ்சர் கடை தேடி, கடைக்காரர் சாப்பிட்டு வரும்வரை காத்து, ஒட்டி முடித்துக் கிளம்பும்போது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. கோடி வீட்டுக்காரி அடிக்கடி வானத்தைப் பார்த்தாள். பஞ்சர் கடைக்காரர் ஒரு குறுக்கு வழி சொன்னார். ஏரிக்கரை மேலேயே போனால் பெரிய ரோட்டுக்குக் கீழே இருக்கிற பாலத்தில் கொண்டுபோய் விடும், லாரி பயமும் இல்லை, தூரமும் பாதி என்றார். அப்படியே போனால் விளக்கு வைப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எங்களுக்கு உயிர் வந்தது.

ஏரிக்கரையில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் பாதைக்குக் குறுக்கே கயிறு. ஒரு பக்கம் பனைமரம், இன்னொரு பக்கம் நட்டு வைத்த கல், நடுவில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டிய மஞ்சள் கயிறு. நாங்கள் நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி பிரேக்கைப் பிடித்து இறங்கினோம். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, மர நிழலில் நின்றோம்.

இது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் காலை நேரத்தில் பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு இழை பார்ப்பார்கள். அப்போது தெரு முனையில் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிடுவோம். கயிறு இருந்தால் உள்ளே ஒருவருடைய சோறு விரித்துக் கிடக்கிறது என்று அர்த்தம். பால்காரரும் ஆட்டோக்காரரும் ஓட்டுக் கேட்டு வருகிறவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏன் கட்டினாய், எப்போது அவிழ்ப்பாய் என்று யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்தால் கட்டினவர்கள் வந்து அவிழ்ப்பார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் காலுக்கு இது பழக்கம்.

எனவே நின்றோம். உள்ளே களம் ஏதாவது அடிக்கிறார்களோ, கரைக்கு மண் போடுகிறார்களோ என்று பேசிக்கொண்டோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் அரவமே இல்லை. கோடி வீட்டுக்காரிக்குத்தான் நிலைகொள்ளவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இரு டீ, பாவம் யார் வேலையோ, வந்து அவிழ்ப்பார்கள் என்று அவளை அடக்கியது சாட்சாத் நான்தான். பனைமரத்தின் நிழல் நீண்டு கரையைத் தாண்டி ஏரிக்குள் இறங்கிவிட்டது.

அப்போது ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். கயிற்றுக்குக் கிட்டே வந்ததும் கரையை விட்டுச் சரிவில் இறங்கி, கருவேல முள்ளுக்குள் புகுந்தார். முள் புடவையைப் பிடித்து இழுத்தது, அதைப் பிய்த்துக்கொண்டு நடந்தார். கோடி வீட்டுக்காரி அவரைக் கூப்பிட்டு, உள்ளே என்ன வேலை நடக்கிறது, எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்டாள். அந்த அம்மா முள்ளுக்குள் நின்றபடியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலையா? ஒரு வேலையும் இல்லமா. கட்டி மூணு வருசம் ஆவுது."

பிறகு அவரே விவரம் சொன்னார். அங்கே கீழே நிலம் வைத்திருக்கும் ஒருவருக்குத் தன் நிலத்தை ஒட்டி ஊர் ஜனம் போவது பிடிக்கவில்லையாம். கரை பொதுக்கரைதான், அது எல்லோருக்கும் தெரியுமாம். இருந்தாலும் அவர் கட்டினார், இவர்கள் முள்ளுக்குள் இறங்கினார்கள். புல் அறுக்கிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், எல்லோருக்கும் அதே வழி. பஞ்சர் கடைக்காரருக்கும் அது பழகிப்போய், எங்களிடம் சொல்லவே தோன்றவில்லை போலிருக்கிறது. யாராவது அவிழ்த்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவிழ்த்தால் அவர் என்ன செய்வார் என்று தெரியாது, அதனால் யாரும் அவிழ்த்ததில்லை என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. ஒன்றுமில்லாத கயிற்றுக்கு மரியாதை கொடுத்து, அவளுடைய ஒரே நாளை நின்றே தீர்த்திருக்கிறோம். நாலு வார்த்தை திட்டலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கோடி வீட்டுக்காரி கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிட்டாள். மூன்று வருஷ வெயிலிலும் மழையிலும் இறுகிப்போன முடிச்சு. பட்டு இழையில் பழகிய விரலுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவிழ்ந்து கயிறு பாதையில் விழுந்தது.

விழுந்ததுதான் தாமதம், கீழே மோட்டார் கொட்டகையிலிருந்து கயிறு கட்டிய அந்த ஆள் பைக்கில் ஏறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் போன். வண்டியைப் பாதையில் நிறுத்திவிட்டு இறங்கி, நேராக வந்து கோடி வீட்டுக்காரியின் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யார் வீட்டுப் பொம்பளைங்க நீங்கள்லாம், கூட ஆம்பளைங்க யாரும் வரவில்லையா என்று அதட்டினார்.

வாயாடி என்று பெயரெடுத்த நான் என் சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தையல்காரி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் சத்தமாகத் தும்மாதவள்தான் பேசினாள்.

"ஆம்பளைங்க ஊட்ல படையல் வெச்சுக்கினு இருக்காங்க. உங்க கயித்துக்கு உள்ள வேல நடக்குதாண்ணா? நடக்குதுன்னா சொல்லுங்க, விடியற வரைக்கும் நிக்கிறோம். இல்லன்னா கைய எடுங்க, எனக்கு நேரமாவுது."

இத்தனைக்கும் அவள் குரல் நடுங்கியது. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் நடுங்கினபடியே முழுவதையும் சொல்லி முடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை. போலீசைக் கூப்பிடுகிறேன், பஞ்சாயத்தில் நிறுத்துகிறேன் என்று சத்தம் போட்டார். உடனே அவள் கட்டை விரலால் மணியை அடிக்க ஆரம்பித்தாள். அவர் கைக்குப் பக்கத்திலேயே மணி. அவர் பேசப் பேச அவள் அடித்தாள். தெலுங்குக்காரி தன் மணியை அடித்தாள், நானும் அடித்தேன், தையல்காரியின் மணி ரிப்பேர், அவள் டிபன் டப்பாவைக் கரண்டியால் தட்டினாள். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தது. அந்த மனிதர் என்ன கத்துகிறார் என்று அவருக்கே கேட்டிருக்காது.

அந்த இரைச்சலுக்கு நடுவில் புல்லுக்கட்டு அம்மா சரிவிலிருந்து கரைமேல் ஏறினார். யாரையும் பார்க்கவில்லை. கயிறு கிடந்த இடத்தைத் தாண்டி, அந்த ஆளுக்கும் எங்களுக்கும் நடுவில் புகுந்து, கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புல் அந்த ஆளின் முகத்தில் உரச, பாதையோடு நேராக நடந்து போனார். முகத்தைத் துடைத்துக்கொள்ள அந்த ஆள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை மறுபடி எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போங்க, போங்க, இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. மூன்று வருஷம் ஒரு ஊரையே முள்ளுக்குள் இறக்கியது இவ்வளவுதானா.

கோடி வீட்டுக்காரி அந்தக் கயிற்றை விடவில்லை. பனைமரத்திலிருந்தும் அவிழ்த்து, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் நூல் சுற்றுகிற மாதிரி சுற்றி, ஓடிப்போய் அந்த அம்மாவிடம் கொடுத்தாள். புல் கட்ட ஆகும், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

அதற்கப்புறம் நாங்கள் மிதித்த மிதிக்குக் கால் கழன்று விழுந்திருக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் புகுந்து, ஊருக்குள் வந்து, எங்கள் தெரு திரும்பும்போது எல்லா வீட்டு மாடத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டிருந்தது. குழாயடியில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். கோடி வீட்டுப் புருஷன் கதவில் சாய்ந்திருந்தார். காலையில் இருந்த அதே சிரிப்பு. பஞ்சர், பஞ்சர் கடைக்காரர், கயிறு என்று காரணங்களை வரிசையாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

விளக்கு வைத்தாகிவிட்டது என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி.

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஸ்டாண்டு போட்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டு மாடத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன். வேற யாரு இருக்கா ஊட்ல?"

"நல்லாத்தான் எரியுது. இனிமே தெனம் நீங்களே வெச்சிடுங்க. திங்கக்கெழமலேருந்து எனக்கு வர நேரமாவும்."

பந்தயம் என்று அவர் ஆரம்பித்தார். பந்தயம் நீங்கள் போட்டது, போக வேண்டியது நான் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். முதலில் சிரித்தது தெலுங்குக்காரி. அப்புறம் குழாயடிக் கூட்டமே சிரித்தது, ஆனால் இந்தத் தடவை சிரிப்பு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பாவம் அந்த மனிதர், கேலி பண்ணத் தெரிந்தவருக்குக் கேலியை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே அவள் கிளம்பிப் போனாள். யாரும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடவில்லை, அவளே போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் போகிறாள். சாயங்காலம் அவர் விளக்கு வைக்கிறார். திரி போடுவது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்று எங்களிடம் குறை சொல்வாள்.

அடுத்த அமாவாசைக்கு அதே ஏரிக்கரை வழியில் போனோம். புதுக் கயிறு கட்டியிருந்தது. இறங்கி அவிழ்த்துவிட்டுப் போனோம். அதற்கடுத்த அமாவாசைக்குப் போனபோது, எங்களுக்கு முன்பே யாரோ அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது அமாவாசை வடை என் வீட்டுக்காரர் கையால்தான். கல் மாதிரி இருக்கும், முன்னோர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு நாங்கள் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்து பந்தயத்தில் ஜெயித்திருந்தால், அவர் அனுமதி கொடுத்து அவள் வேலைக்குப் போனதாகத்தான் தெருவில் பேசியிருப்பார்கள், நானும் அதைப் பெரிய வெற்றி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் தோற்றுவிட்டுப் போனதால்தான், நமக்கு நிபந்தனை போடுகிறவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது இந்த வாயாடிக்கு இவ்வளவு வயதுக்குப் பிறகாவது உறைத்தது.